‘வயலில் இறங்கினீர்களா?’ என்று எங்கள் ஆட்களிடம் கேட்காதீர்கள்

மத்திய, ஊவா மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், மலையகத்தில் கடமையாற்றும் வைத்தியர்களுக்கும், சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

31 வருஷம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவன் நான். பதிவேட்டில் என் பதவி தோட்ட மருத்துவ உதவியாளர், லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் டொக்டர். அந்தப் பட்டத்துக்கு நான் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரவு 11 மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறவர்களிடம் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். எலிக்காய்ச்சலைப் பற்றிய இந்த மடலை எழுத வைத்தது மழைதான். வைகாசி மழை பிடித்துவிட்டது. தேயிலை மலையில் கான் (வடிகால்) வேலைக்குப் பிரட்டில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், ஆள் பிரித்திருப்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்தில் எனக்கு ஒருவருடைய கெண்டைக்கால் ஞாபகத்துக்கு வரும்.

அவருக்கு 40 வயது இருக்கும். கான் வெட்டுகிறவர். மூன்றாம் நாள் காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். தலையிடி, மேல்வலி, இடுப்பு நிமிர முடியவில்லை. கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தபோது என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை கிடையாது. இன்றைக்கு இதை எழுதும்போதே விடை முன்னால் வந்து நிற்கிறது. அன்றைக்கு நான் நினைத்தது வேறு. ஏற்றத்திலும் இறக்கத்திலும் நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும்? கண் சிவப்பா, முந்தின இரவு குடித்த கசிப்பு. பெனடோல் ஒரு காட் கொடுத்தேன், இரண்டு நாளுக்கு லீவுத் துண்டு எழுதினேன், மல்லித் தண்ணி குடிக்கச் சொன்னேன். கொப்பியில் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது என்று அவருடைய சம்சாரம் ஓடி வந்தார். லொறியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனோம். எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். அங்கே இருந்த இளம் டொக்டர் நல்ல பிள்ளை. இரவெல்லாம் கண் விழித்த முகம், இருந்தாலும் தெரிந்த தமிழில் பொறுமையாகக் கேட்டார். “வயல் வேலை செய்றதா?” எங்கள் ஆள், “இல்லீங்க சார்” என்றார். உண்மைதானே. அவர் வயலைப் பார்த்ததெல்லாம் பஸ் யன்னல் வழியாகத்தான். டொக்டர் தலையசைத்துவிட்டு டெங்குப் பரிசோதனைக்கு எழுதினார். பிளேட்லெட் குறைந்திருந்தது, அதனால் டெங்கு என்றே வைத்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் அவருக்குச் சிறுநீர் போகவில்லை.

அப்புறம் பெரிய வைத்தியசாலை, இரத்தச் சுத்திகரிப்பு, பென்சிலின் ஊசி, 19 நாள் கட்டில். பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் போனேன். “கான்ல எறங்குனியான்னு ஒருத்தரும் கேக்கலையே டொக்டர், கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார்.

அந்த ‘ஒருத்தரும்’ என்ற சொல்லில் முதல் ஆள் நான். அதனால் இந்த மடலை யாரையும் குற்றம்சாட்டும் மடலாக வாசிக்க வேண்டாம்.

எலிக்காய்ச்சல் என்றால் இந்த நாட்டில் வயல்தான் நினைவுக்கு வரும். பெரும்போகம், சிறுபோகம், இரத்தினபுரி, களுத்துறை, குருநாகல். சுவரொட்டியில்கூடச் சேற்றில் நிற்கும் கமக்காரர் படம்தான். அதில் பிழை சொல்ல மாட்டேன், நோயாளிகளில் மிகுதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். 2008இல் நாடு முழுக்க 7,000 பேருக்கு மேல் சந்தேகத்துக்குரிய நோயாளிகளாகப் பதிவானார்கள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மாத்தளையும் கண்டியும் அந்த வருஷம் கடுமையாக அடிபட்ட இடங்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் கிடைக்கும். நல்ல ஏற்பாடு.

ஆனால் லெப்டோஸ்பைரா என்ற அந்தச் சுருள் கிருமி நெல்லில் இருப்பதில்லை. எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து மூத்திரத்தோடு வெளியே வருகிறது. மாடு, எருமை, பன்றி, நாய் என்று மற்றப் பிராணிகளின் மூத்திரத்திலும் வரும், அந்தப் பிராணியைப் பார்த்தால் சீக்கு என்றே தோன்றாது. ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெடிப்பு, கீறல், புண் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடம்புக்குள் போகும். இந்த நோய்க்கு உலகத்தில் பல இடங்களில் தொழிலை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். வயல் காய்ச்சல், கரும்பு வெட்டுகிறவர் காய்ச்சல், பன்றி மேய்ப்பவர் காய்ச்சல், சேற்றுக் காய்ச்சல். 1886இல் ஜெர்மனியில் வைல் என்ற வைத்தியர் மஞ்சளும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த கடுமையான வடிவத்தை விவரித்தார். 1915இல் ஜப்பானில் கிருமியைக் கண்டுபிடித்தபோது நோயாளிகளாக இருந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். இத்தனை தொழில்கள் இந்த வரிசையில் இருக்கின்றன. தேயிலைக் கான் மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

கான் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலைச்சரிவில் மண் அரிக்காமல் இருக்கக் குறுக்கே கான் வெட்டி வைத்திருப்பார்கள். பெருமழைக்கு முன்னும் பின்னும் அதில் அடைந்த சேற்றையும் அழுகிய இலையையும் அள்ளி மேலே போட வேண்டும். கானுக்குள் இறங்கி நின்றால்தான் மண்வெட்டி போட முடியும். எலி பொந்து வைப்பதும் அந்தக் கரையில்தான். காலில் செருப்புக்கூட இருக்காது, சேறு பிடித்து இழுக்கும் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். கணுக்காலில் அட்டை கடித்த புண், கையில் தேயிலை வாது கீறிய கோடு. கிருமிக்கு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் இன்னொரு கதை. அதில் மழைத்தண்ணீர், பீலித் தண்ணீர், மாட்டுப்பட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேரும். பால்மாடு வைத்திருக்கும் வீடுகளில் விடிகாலையில் பட்டியைக் கூட்டுவது பெண்கள். அது தோட்டத்து வேலை இல்லை, அதனால் ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘கொழுந்து’ என்றுதான் பதில் வரும். பட்டி கூட்டுவதை வேலை என்று அவர்களே எண்ணுவதில்லை. நுவரெலியாப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கரட் கழுவுகிறவர்கள் மணிக்கணக்கில் ஈரத்தில் நிற்கிறார்கள்.

அப்புறம் ஒன்று இருக்கிறது, சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றங்கரையில் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் தோண்டுவது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். இரவில் குழிக்குள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நிற்கும் பையன் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் அதைச் சொல்லுவானா? பொலிசுக்குப் போய்விடும் என்று பயப்படுவான். ‘சும்மா வீட்டில்தான் இருந்தேன்’ என்பான். அவனிடம், ‘தம்பி, எந்தத் தண்ணீரில் நின்றாலும் எனக்குக் கவலையில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன், மருந்துக்காகத்தான் கேட்கிறேன்’ என்று சொன்னால்தான் வாய் திறக்கும். நான் அப்படிக் கேட்டு இரண்டு பேர் வாயைத் திறக்க வைத்திருக்கிறேன்.

ஆக, கேள்வியை மாற்றுங்கள். ‘வயலில் இறங்கினீர்களா?’ வேண்டாம். ‘கடந்த ஒரு மாதத்தில் கானிலோ சேற்றிலோ ஆற்றிலோ இறங்கினீர்களா, மாட்டுப்பட்டி கூட்டினீர்களா, காட்டோரம் புல்லுக்கோ விறகுக்கோ போனீர்களா?’ என்று கேளுங்கள். ஒரு மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிருமி போய்ச் சேர்ந்த பிறகு காய்ச்சல் வரப் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் ஆகும், சிலருக்கு 30 நாள்கூட ஆகலாம். அதற்குள் கான் வேலையே முடிந்துபோயிருக்கும், கேட்காவிட்டால் அவருக்கே ஞாபகம் வராது.

காட்டோரத்தை ஏன் சேர்த்தேன் என்றால், மலையகத்தில் எலிக்காய்ச்சலைவிடவும் எளிதாகத் தவறவிடப்படுகிற காய்ச்சல் ஒன்று இருக்கிறது. டைபஸ் என்று உங்கள் படிவத்தில் வரும், எங்கள் ஊரில் உண்ணிக் காய்ச்சல். ரிக்கெட்சியா என்ற கிருமியால் வரும் இந்தக் காய்ச்சல் மத்திய மாகாண மலைகளில் தலைதூக்குவதைப் பற்றி வைத்தியர்கள் 2003இலேயே மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை எழுதிவிட்டார்கள், புதுச் செய்தி அல்ல. எங்கள் தோட்டத்தில் மாட்டுக்குப் புல் வெட்டப் போகிற அம்மா ஒருவருக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், மூட்டெல்லாம் வலி. நான் ஒரு முறை அமொக்சிசிலின் கொடுத்தேன், டவுனில் இன்னொரு முறை கொடுத்தார்கள். அசையவில்லை. அசையாது, ஏனென்றால் ரிக்கெட்சியாவுக்குப் பென்சிலின் இன மருந்து எதுவும் கேட்காது. கடைசியில் ஒரு வைத்தியர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மங்கலாகப் புள்ளி புள்ளியாக ஏதோ. எங்கள் நிறத்தில் அது சட்டென்று தெரியாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். டொக்சிசைக்ளின் தொடங்கினார். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பத்து நாள் இழுத்த காய்ச்சல்!

சிற்றுண்ணி கடித்து வரும் வகையில் கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் அவர்களுக்கே தெரியாது. அது இருக்கும் இடமும் அக்குள், அரை, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடம். ஆண் டொக்டரிடம் எங்கள் பெண்கள் காட்ட மாட்டார்கள். மிட்வைஃப் அம்மாவோ தாதியோ ஒரு திரைக்குப் பின்னால் பார்த்துச் சொன்னால் போதும். ஆனால் மலையகத்தில் கூடுதலாகக் காணப்படும் புள்ளிக் காய்ச்சல் வகையில் அந்தப் பொருக்கைப் பல நேரம் காணக் கிடைக்காது. பொருக்கு இல்லை என்பதற்காக அந்தக் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பரிசோதனையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த முடியாது. இருந்தாலும் கீழே இருந்து பார்த்தவனாக ஒன்று சொல்கிறேன். எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்தும் எதிர்ப்பொருள் பரிசோதனை முதல் வாரத்தில் பல நேரம் ஒன்றும் காட்டாது. உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கவே அத்தனை நாள் ஆகிறது. மாதிரி கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய் முடிவு வருவதற்குள் ஆளின் கதை ஏதாவது ஒரு பக்கமாக முடிந்திருக்கும். ஆனால் சின்ன வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய சாதாரணப் பரிசோதனைகள் ஓரளவு பேசுகின்றன. டெங்குவிலும் எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும், அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டெங்குவில் வெள்ளணுவும் கூடவே குறையும். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் அது ஏறும், அதில் நியூட்ரோபில் என்ற வகை கூடும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடும், சிறுநீரில் புரதம் தெரியும். மஞ்சள் எகிறும்போதும் கல்லீரல் நொதிகள் அந்த அளவுக்கு ஏறாது. இதோடு கெண்டைக்கால் வலியும் பீளையில்லாத சிவந்த கண்ணும் கான் வேலையும் சேர்ந்தால் இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இன்னொன்று. நுவரெலியாவின் குளிரில் டெங்கு நுளம்பு கொழும்பில் போலப் பெருகுவதில்லை. கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்குக் காய்ச்சலோடு வருகிற பையனுக்கு டெங்கு என்று முதலில் நினைப்பது சரி. தோட்டத்தை விட்டு ஒரு மாதமாக வெளியே போகாத கான் வேலைக்காரருக்கும் அதையே முதலில் நினைப்பது பழக்கதோஷம்.

எலிக்காய்ச்சலுக்கு மருந்து அரிதானதும் இல்லை. ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு முறை, ஒரு வாரம். முற்றியவருக்கு ஊசி வழியாகப் பென்சிலினோ செஃப்ட்ரியாக்சோனோ. உண்ணிக் காய்ச்சலுக்கும் டொக்சிசைக்ளின்தான். எலியா உண்ணியா என்று பிரித்தறிய முடியாத நேரத்தில் இரண்டுக்கும் கேட்கிற ஒரு மருந்து கையில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி. பென்சிலினையோ செஃப்ட்ரியாக்சோனையோ மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருந்தால் உண்ணிக் காய்ச்சல்காரர் கட்டிலில் கிடந்து தேய்வார். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் போனாலாவது கழுவிக் கழுவித் தாங்கவைக்கலாம், பெரும்பாலும் அது மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கினால் பாதிப் பேரைக் காப்பாற்றுவதே பாடு. அதனால் மூச்சு வாங்குகிறது, இருமலில் இரத்தம் தெரிகிறது, மூத்திரம் குறைந்துவிட்டது என்றால் எங்கள் ஆட்கள் லொறி தேடிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை டிஸ்பென்சரிச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டச் செய்யுங்கள். டவுனில் மேல்வலிக்கென்று டைக்ளோபெனாக் ஊசி போட்டு அனுப்புகிறவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி.

மஞ்சள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து ஆம்பிளை மஞ்சள் கண்ணோடு வந்தால் ‘குடி’ என்று எழுதிவிடுகிற வழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. என்னிடமும் இருந்தது, மேலே ஒப்புக்கொண்டேன். குடிக்கிறவருக்கும் எலிக்காய்ச்சல் வரும் ஐயா.

எலிக்காய்ச்சல் 1991 முதல் அறிவிக்க வேண்டிய நோய். டைபஸும் அப்படித்தான். சந்தேகம் வந்தாலே எச் 544 படிவம் நிரப்பி அனுப்பலாம், உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அனுப்பும்போது தயவுசெய்து தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் எழுதுங்கள். ஒரு தோட்டம் என்பது ஒரு வளவு அல்ல, மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷனுக்கு நடந்தால் அரை நாள் போய்விடும். தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சுகாதாரப் பரிசோதகர் எந்தக் கானைத் தேடுவார்? எங்கள் டிஸ்பென்சரிகளுக்கும் அந்தப் படிவத்தைக் கொடுத்து, நிரப்பப் பழக்குங்கள்.

தடுப்பு மாத்திரைக்கு வருகிறேன். நான் வேலை செய்த அத்தனை வருஷத்தில் கான் வேலைக்காரருக்கென்று ஒரு டொக்சிசைக்ளின்கூட எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்ததில்லை. கமக்காரர் என்ற பட்டியலில் தோட்டத் தொழிலாளி விழமாட்டார். ஒரு டிவிஷனில் கான் வேலைக்குப் பெயர் விழுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், பிரட்டுக் கொப்பியைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியும். வேலை தொடங்குவதற்கு முந்தின வாரம் மாத்திரையைக் கொடுத்துவிடலாம். அதோடு மூன்று விஷயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், பால் தேத்தண்ணியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேருவது குறையும். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறவர் அதையும் இதையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. மாத்திரை போட்டும் காய்ச்சல் வந்தால் ‘அதுதான் போட்டேனே’ என்று வீட்டில் படுத்துவிடாமல் வர வேண்டும்.

பூட்ஸ் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, உங்களுடையது அல்ல. ஆனால் மாவட்டக் கூட்டங்களில் அவர்களோடு மேசையில் உட்காருகிறவர்கள் நீங்கள். நான் கேட்டால் ‘பார்ப்போம்’ என்பார்கள். நீங்கள் கேட்டால் குறித்துக்கொள்வார்கள்.

மேலே சொன்ன கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் சிங்கள உச்சரிப்பையும் சேர்த்து வைத்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத டொக்டரும் வாய்விட்டுக் கேட்கலாம், நோயாளி ‘ஆமா’ என்று தலையாட்டினாலே போதும். வேண்டுகிற வைத்தியசாலைக்கு என் செலவில் பிரதி எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன்.

அந்தக் கெண்டைக்கால்காரரை முந்தாநாள் வழியில் பார்த்தேன். இந்த வருஷமும் கானில்தான் பெயர் விழுந்திருக்கிறது, பூட்ஸ் இல்லை. மாத்திரை கொடுத்தார்களா என்று கேட்டேன். “என்ன மாத்திரை டொக்டர்?” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர்,
பொகவந்தலாவை